பீரோ இல்லாத வீட்டில் பீரோ சத்தம்

மாடி வீட்டில் பீரோ எதுவும் கிடையாது என்பதைக் கீழ்வீட்டுத் தையற்காரர் நம்பவே மறுத்தார். துணிமணிகளை ஒரு தகரப் பெட்டியிலும் சுவரில் அடித்த ஆணிகளிலும் வைத்துக் காலத்தை ஓட்டிய குடும்பம் அது. ஆனால் பிற்பகலானால் போதும். தம் தலைக்கு மேலே யாரோ கனத்த பீரோ ஒன்றைத் தரதரவென்று இழுப்பதும், நடுவில் நிறுத்திச் சற்று யோசிப்பதும், பிறகு அதைப் படிக்கட்டு வழியாகத் தடதடவென்று இறக்குவதும், இறக்கி முடித்த நிம்மதியில் "ப்பூ" என்று தூசி ஊதுவதும் அவருக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்டன. ஒருநாள் பொறுமை இழந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடே மேலே வந்து கதவைத் தட்டினார்.

"பீரோவை எங்கதாம்மா வைக்கப் போறீங்க? முடிவு பண்ணிச் சொன்னா நானும் ஒரு கை பிடிக்கிறேன். தினம் தினமா இறக்குவீங்க?"

கதவைத் திறந்த சிறுமி உதட்டில் விரலை வைத்து, மற்றொரு கையால் உள்ளறையைக் காட்டினாள். அங்கே அவளுடைய அப்பா, புருவத்தில் ரொட்டி மாவு வெள்ளையாகப் படிந்திருக்க, வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார். பீரோ அவருடைய மூக்குக்குள் இருந்தது.

தையற்காரர் சிறிது நேரம் கேட்டார். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். "நல்ல மனுஷன்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பீரோவை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற ஐயம் மட்டும் அவருக்கு நீங்கவில்லை.

அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ஊர் உறங்கும்போது போய், மற்றவர்கள் மதிய உணவுக்கு உட்காரும்போது திரும்புவார். அம்மா தெருமுனைச் சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். ஆகவே பள்ளி விட்டு வரும் மகளுக்கு, வீட்டில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: "சத்தம் போடாதே, அப்பா தூங்கறார்." பந்து தட்டக் கூடாது, கயிறு தாண்டக் கூடாது, முக்கியமாக, யாரையும் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. அழைக்காதவளை யார் அழைப்பார்கள்? பேசிப் பழகாத வாய் பள்ளியிலும் திறக்க மறுத்தது. பிள்ளைகள் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டம் சூட்டினார்கள். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாமல், அது நாளடைவில் உம்மு என்று தேய்ந்தது.

ஆயினும் உம்மு சும்மா இருந்தாள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவள் அப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் வேறு வேலை இல்லாததால் கேட்டாள். பிறகு வேறு எந்த வேலையும் பிடிக்காமல் கேட்டாள். காற்றை உள்ளே வாங்கும் பகுதிக்கு இழுப்பு என்றும், இடையில் மூச்சே நின்றுவிட்டதோ என்று பயமுறுத்தும் அந்த மௌனத்துக்குத் தொங்கல் என்றும், அதன்பின் வருவதற்கு இறக்கம் என்றும், கடைசி "ப்பூ"வுக்கு ஊதல் என்றும் தானே பெயர் வைத்தாள். கண்ணாடி முன் நின்று வாயசைத்துப் பழகினாள். சில மாதங்களில், அம்மாவே அடுப்படியிலிருந்து, "என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்று குரல் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

இப்படியொரு கல்வியால் யாருக்கு என்ன பயன் என்பது ஓவிய வகுப்பில் தெரிந்தது.

ஓவிய ஆசிரியர் பிள்ளைகளை ஒரு பழக்கூடை வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிரவில்லை. முதல் குறட்டை வந்ததும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. உம்மு மட்டும் பென்சிலைக் கீழே வைத்து, கண்களை மூடி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டாள்.

"இப்போ சீட்டி வரும்" என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

ஆசிரியரின் மூக்கிலிருந்து மெல்லிய சீட்டி ஒன்று எழுந்தது.

முன்வரிசையில் இருந்த பையன் சட்டென்று திரும்பினான். ஓரிடத்தில் நிலையாக உட்காரத் தெரியாதவன் ஆதலால் அவனைப் பம்பரம் என்று அழைப்பார்கள். "ஏய் உம்மு! உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்குல ஒரு பக்கம் அடைச்சிருக்கு. இழுக்கும்போதே தெரிஞ்சுது."

உம்மு ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசியதே பம்பரத்துக்குப் பெரிய அதிசயம். அதைவிடப் பெரிய அதிசயம் அவன் அடுத்துச் சொன்னது. "எங்க மாமா பஸ் ஓட்டறார் இல்ல? தூக்கத்துல கியர் மாத்துவார்டி. ஏத்தம் வந்தா உறுமுவார். நான் பக்கத்துல உக்காந்து டிக்கெட் குடுப்பேன்."

"சாட்சி இருக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடாத அந்தப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர். "சரி, நம்பறேன். எங்க அத்தை பாட்டு டீச்சர். சுருதி பிசகாம விடுவாங்க. ஆனா அவங்க குறட்டைன்னா ஒத்துக்கவே மாட்டாங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தில் தன் வீட்டில் மட்டுந்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்து வெட்கப்பட்ட மூன்று பேர் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றே சங்கம் பிறந்தது. சட்டதிட்டங்களை வக்கீல் வகுத்தாள். உறங்குபவரை எழுப்பக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. திரைக்கு இப்பால் அமர்ந்து கேட்க மட்டும் செய்யலாம், ஏனெனில் பெரியவர்களுக்கு மரியாதை முக்கியம். சிரிப்பு வந்தால் தெருவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டிலிருந்து தரமான குறட்டை ஒன்றைக் காட்டியே தீர வேண்டும். ஆள் இல்லாதவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

உம்மு வைத்த இழுப்பு, தொங்கல் முதலிய பெயர்களைக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சங்கம் கூடியது. பம்பரத்தின் மாமா உண்மையாகவே கியர் மாற்றினார். ஓர் இடத்தில் பிரேக் போட்டது போல நின்று, "இறங்கறவங்க இறங்குங்க" என்று தெளிவாகச் சொல்லவும் செய்தார். மூவரும் தெருவுக்கு ஓடிச் சிரித்துவிட்டு வந்தார்கள். வக்கீலின் அத்தை மடியில் சுருதிப் பெட்டியை வைத்தபடி, ஒரே சுரத்தில் நெடுநேரம் ரீங்கரித்தாள். திடீரென்று விழித்து, "யாருடி அது குறட்டை விட்டது? நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று அதட்டிவிட்டு, அதட்டல் முடியுமுன்னே மறுபடியும் அதே சுரத்தைப் பிடித்தாள். உம்மு மனம் உருகிப் போனாள்.

இடையில் நெட்டை என்றொரு பையன் சேர்ந்தான். அவனுடைய பெரியப்பாவைக் கேட்கப் போனார்கள். வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு வக்கீல் எழுந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது குறட்டை இல்ல. மூச்சு. மூச்சு எல்லாருந்தான் விடறாங்க."

"கொஞ்சம் பொறுங்க, சில நாள் நல்லா விடுவார்" என்று நெட்டை மன்றாடினான். பயனில்லை. மறுநாள் உணவு இடைவேளையில் அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை உம்மு கண்டாள். அது அவளுடைய பழைய இடம். அங்கே நல்ல நிழல் இருக்கும், பேச்சுத்தான் இருக்காது. கையில் எடுத்த கவளத்தை அவள் டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"அடுத்தது உன் முறை" என்றாள் வக்கீல். "உங்கப்பா எப்படி?"

"பீரோ இறக்குவார்" என்றாள் உம்மு.

"அப்படின்னா?"

"வந்து கேளு. நீங்க கேட்டதெல்லாம் அவருக்கு முன்னால நாற்காலி நகர்த்தற மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அப்பா ஒருநாளும் கைவிட்டதில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று வீட்டில் சொன்னாள். எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? அம்மா தேய்ப்புக்கு மடித்த புடவையைக் கையில் பிடித்தபடியே, "சிநேகிதங்களா? உனக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக உடனே வருந்தி, கடைக்கு ஓடி இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தாள்.

ஞாயிறு மதியம் உம்மு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இழுப்பும் இறக்கமும் பாடிக்கொண்டிருந்தபோது, வெளியே நடந்த பேச்சு அவள் காதில் விழவில்லை.

"ஏங்க, நம்ம பொண்ணைத் தேடி முதல் முதலா ரெண்டு பேர் வர்றாங்க. நீங்க பாட்டுக்கு ஆரம்பிச்சீங்கன்னா, புள்ளைங்க பயந்து ஓடிடும்."

"நான் எப்பம்மா குறட்டை விட்டேன்? எல்லாருமா சேர்ந்து கட்டி விடறீங்க. நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

"எப்படிக் கேப்பீங்க? அந்த நேரத்துல நீங்க ஊர்லயே இருக்க மாட்டீங்களே."

அப்பா சற்று யோசித்தார். மகளின் முகம் அவர் கண்முன் வந்தது. "சரி. தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா படுத்துக்கறேன். என் பொண்ணுக்காக இது கூடச் செய்ய மாட்டேனா?" என்று போருக்குப் புறப்படுகிறவர் போலச் சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். அம்மா நிம்மதியாகச் சலவைக் கடைக்குப் போனாள்.

சங்கம் வந்தது. பம்பரம் தலையை வாரியிருந்தான். வக்கீல் காதைச் சுத்தம் செய்து வந்திருந்தாள். இருவரும் உள்ளறைத் திரைக்கு முன்னால் பாயில் சம்மணமிட்டார்கள். உம்மு பிஸ்கட் தட்டை வைத்தாள். அனைவரும் காத்திருந்தார்கள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பம்பரம் பிஸ்கட்டைக் கடித்தான். அந்த நிசப்தத்தில் அது மரம் முறிவது போலக் கேட்டது. வக்கீல் அவனை முறைத்தாள். மேலும் காத்திருந்தார்கள். மூச்சு கூடக் கேட்கவில்லை. நெட்டையின் பெரியப்பாவாவது மூச்சு விட்டார்.

"தொங்கலா?" என்று பம்பரம் மரியாதையாகக் கேட்டான்.

"ஆமா. அவருக்குத் தொங்கல் கொஞ்சம் நீளம்" என்றாள் உம்மு. பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"இவ்வளவு நீளத் தொங்கல்னா டாக்டரைக் கூப்பிடணும்" என்றாள் வக்கீல். அவளுடைய குரலில் தீர்ப்பின் வாடை அடித்தது. உம்முவின் கண்முன்னே தண்ணீர்த் தொட்டியும் அதன் நல்ல நிழலும் வந்து நின்றன.

"ஃபேன் சத்தம் அமுக்குது போல. நிறுத்திட்டு வர்றேன்" என்று எழுந்து திரைக்குள் போனாள்.

அப்பா கண்களை இறுக்கி மூடி, உதடுகளைப் பூட்டுப் போட்டாற்போல் சேர்த்து, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு விறைப்பாகக் கிடந்தார். அவர் அப்படித் தூங்கி உம்மு பார்த்ததே இல்லை. மின்விசிறியை நிறுத்தினாள். அப்பா அசையவில்லை. வேறு வழி தோன்றவில்லை. தரையில் படுத்து, சத்தமின்றிக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தாள். அங்கே அப்பாவின் கடைச் செருப்பு மாவு பூத்துக் கிடந்தது. அதைத் தள்ளி வைத்து, வாயைத் திறந்து, பீரோவை இழுக்கத் தொடங்கினாள்.

திரைக்கு அப்பால் பாய் சரசரத்தது. "வந்துடுச்சு!" என்று பம்பரம் கிசுகிசுத்தான். உம்மு நிறுத்தினாள், அளவோடு தொங்கவிட்டாள், பிறகு படிப்படியாக இறக்கி, கடைசியில் "ப்பூ" என்று ஊதினாள்.

"ஐயோ... என்னமா இறங்குது!" என்றாள் வக்கீல். அவள் வாயால் ஒன்றைப் பாராட்டி யாரும் அதுவரை கேட்டதில்லை.

கட்டிலின் மேல் தளத்தில் நடந்ததை அப்பா பிற்பாடு தாமே பலமுறை விவரித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, கஷ்டப்பட்டு, விழித்துத்தான் கிடந்தாராம். விசிறி நின்றபோது மின்சாரம் போய்விட்டது என்று எண்ணினாராம். அடுத்த கணம், தம் முதுகுக்கு நேர் கீழே ஒரு பீரோ நகர்ந்தது. மனைவியும் கீழ்வீட்டுக்காரரும் இத்தனை காலம் சொல்லிவந்த அதே பீரோ! பொய்யே இல்லை, இழுப்பு, இறக்கம், ஊதல் எல்லாம் அப்படியே இருந்தன. 'இதுதானா அது! நான்தான் விடுகிறேனா!' என்று வாழ்க்கையில் முதன்முறையாகத் தம் குறட்டையைக் கேட்டு அவர் பிரமித்துப் போனார். பிறகு நிதானமாகச் சிந்தித்தார். குறட்டை கேட்கிறது. அப்படியானால் நான் தூங்கிவிட்டேன். தூங்கிவிட்டவன் விழித்திருக்கப் பாடுபடுவது வீண். இவ்விதம் முடிவு செய்து, உதட்டுப் பூட்டைத் திறந்து, உடம்பைத் தளர்த்தினார். அடுப்படியில் விடிய விடிய நின்ற உடம்பு அதற்காகவே காத்திருந்தது போல உறங்கிப் போயிற்று.

உம்மு நான்காவது படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே அசல் பீரோ நகரத் தொடங்கியது.

கட்டிலின் மரச்சட்டம் அதிர்ந்தது. உம்முவுக்கு மகிழ்ச்சியும் திகிலும் ஒன்றாக வந்தன. நிறுத்தினால் ஒரு பீரோ குறைவது தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் ஒரு பீரோ அதிகம். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவோடு சேர்ந்தே இழுத்தாள். ஒருவர் இழுக்க ஒருவர் இறக்க, இரண்டு பீரோக்கள் ஒரே படிக்கட்டில் மோதிக்கொள்ளாமல் போய் வந்தன.

"ரெண்டு குரல்ல விடறார்டி!" என்று பம்பரம் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டான். "எங்க மாமா ஒரு பஸ்தான் ஓட்டறார்!"

அந்த நேரம் பார்த்துச் செருப்பிலிருந்த மாவு உம்முவின் மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தாள். பீரோவின் நடுவே பெரிய தும்மல் ஒன்று வெடித்தது. மேலே குறட்டை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"குறட்டை விட்டுக்கிட்டே தும்மறாரா?" என்றான் பம்பரம்.

"முடியாது" என்றாள் வக்கீல். "மூக்கு ஒண்ணுதான்."

எட்டிப் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை எழுதியவளே திரையை விலக்கினாள். கட்டிலின் மேல் அப்பா இருந்தார். கட்டிலின் அடியிலிருந்து இரண்டு சின்னப் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

உம்மு முகமெல்லாம் மாவாக வெளியே ஊர்ந்து வந்து, தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் விட்டேன். முதல்ல எல்லாம் நான்தான். அப்பா இன்னிக்கு விடவே இல்ல. ஏன்னு தெரியலை. ஆள் இல்லைன்னா என்னையும் நெட்டை மாதிரி அனுப்பிடுவீங்க. அங்க யாருமே பேச மாட்டாங்க. அதான். இப்போ விடறது அப்பாதான், சத்தியமா. வேணும்னா போயிடறேன்." எங்கே போவது, இது அவளுடைய வீடு ஆயிற்றே என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வக்கீல் இடுப்பில் கை வைத்தாள். "திரும்பி நில்லு பம்பரம். நானும் திரும்பிக்கறேன். உம்மு, நீ மறுபடி விடு."

உம்மு விட்டாள். அப்பாவும் விட்டார். மாற்றி மாற்றி விட்டார்கள். வக்கீல் ஒவ்வொரு முறையும் "இது நீ", "இது அவர்" என்று உறுதியாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் தவறாகச் சொன்னாள். கடைசியில் திரும்பி, தோல்வியைப் பழகாதவளின் தடுமாற்றத்தோடு உம்முவைப் பார்த்தாள்.

"ஆளுக்கு ஒரு ஆள் காட்டணும்னுதான் சட்டம். நீ ரெண்டு ஆள் காட்டிட்டே." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு எங்க அத்தை சுரம் வரவே மாட்டேங்குதுடி. ரகசியமா எவ்வளவோ பழகிப் பார்த்துட்டேன். சொல்லித் தர்றியா?" என்றாள்.

"எனக்கு ரெண்டாவது கியர் வரலை" என்றான் பம்பரம்.

"சொல்லித் தர்றேன்" என்றாள் உம்மு. "ஆனா நெட்டையும் வரணும். அவனுக்கும் சொல்லித் தந்துட்டா, ஆள் வேண்டியதில்ல."

வக்கீல் ஏதோ மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை வீணாக்க வேண்டாமென்று, "சரி, முதல்ல இழுப்பு காட்டு" என்றாள்.

மூவரும் கட்டிலைச் சுற்றித் தரையில் மல்லாந்தார்கள். சிறிது நேரத்தில் அவ்வறையில் இரண்டு பீரோக்களும் ஒரு பேருந்தும் ஒரு சுருதிப் பெட்டியும் ஒரே சமயத்தில் இயங்கத் தொடங்கின. கீழே தையல் இயந்திரம் நின்றது. படிக்கட்டில் காலடிகள் தடதடத்தன. கடையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மாவும், அளவு நாடா அணிந்த தையற்காரரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"எத்தனை பீரோதாம்மா வெச்சிருக்கீங்க?" என்றவர், தரையில் கிடந்த தலைகளை எண்ணத் தொடங்கினார்.

"ஏங்க!" என்றாள் அம்மா.

அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "நான் தூங்கலை! சத்தம் மட்டுந்தான் வருது!"

பிள்ளைகள் தெருவுக்கு ஓடிச் சிரிக்க வேண்டும் என்ற சட்டத்தை மறந்து அங்கேயே உருண்டு சிரித்தார்கள். அவர்களுள் மிக உரக்கச் சிரித்தது தன் மகள்தான் என்பதை அம்மா கவனித்தாள். பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். அடுத்த வாரம் மூன்று பாக்கெட் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தையற்காரர் தலையை ஆட்டியபடி திரும்பினார். வாசலை எட்டியபோது பின்னாலிருந்து ஒரு குரல் அவரை நிறுத்தியது. அந்த வீட்டுச் சிறுமி பேசி அவர் கேட்பது அதுவே முதல் முறை.

"மாமா, நீங்க குறட்டை விடுவீங்களா?"

"நானா? சேச்சே." அவர் அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டார். மூன்று முகங்களும் மிகுந்த ஆர்வத்தோடும் மரியாதையோடும் தம்மை நோக்கியிருப்பதைப் பார்த்ததும், அவருடைய உறுதி சற்றுத் தளர்ந்தது. "வீட்டுல ஏதோ சொல்லுவாங்க. தையல் மெஷின் ஓடற மாதிரின்னு."

"நூல் அறுந்தா நிக்குமா?" என்று கேட்டாள் உம்மு.

"அது தெரியலையேம்மா" என்று தையற்காரர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் வாங்க. பார்த்துச் சொல்லுங்க."